உண்மைக்கு மைனஸ் ஒன்று

வெள்ளி இரவு, பெங்காலான் வெல்ட்.
கடைசி ஃபெரி பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டது.
மாடியில் நான், ஒரு மின்விசிறி,
ஆறிப்போன கோப்பி ஓ,
ஒரே ஒரு கோப்பு.

இருபத்தாறு வருஷத்துக் கப்பல்கள் எல்லாம்
அதற்குள்தான் நங்கூரமிட்டிருக்கின்றன.
எந்தக் கப்பலுக்கு எத்தனை மூட்டை வெங்காயம்,
எத்தனை பாகம் கயிறு,
எந்தக் கேப்டன் பாக்கி வைத்துவிட்டு
சூயஸ் பக்கம் மறைந்தான்.
கோப்பின் வரம்பு இரண்டு ஜிபி.
விளிம்புக்கு விரற்கடை மிச்சம்.

பகலில் இப்படித்தான் நடக்கும்:
தனபாக்கியம் இன்வாய்ஸைத் திறந்தால்
ரொஹாயாத்தியால் திருத்த முடியாது.
"தனம், கெலுவார் லா!"
"இரு, சேவ் பண்றேன்!"
ஊய் முதலாளி கண்ணாடி அறையிலிருந்து
"யார் உள்ளே?" என்பார்,
கழிப்பறைக் கதவைத் தட்டுகிறவர் மாதிரி.

இதைக் கட்டியவர் இருதயநாதன்.
புரோகிராமர் இல்லை, ஸ்டோர் கிளார்க்.
ஒரு மழைக்காலம் முழுக்க,
ஓவர்டைம் எழுதாமல்.
இப்போது கூலிமில் வாடகைக் காடி ஓட்டுகிறார்.
போனில் கேட்டேன்:
'சரி_2' என்று ஒரு அட்டவணை இருக்கிறதே, அது என்ன?
சிக்னலில் நின்றபடி யோசித்தார்.
"அத மட்டும் தொடாதம்மா."
ஏன்?
பச்சை விழுந்துவிட்டது.

வீடு மாறுவது போலத்தான் என்று நினைத்திருந்தேன்,
சாமான் ஏற்று, சாமான் இறக்கு.
அப்படி இல்லை.
பழைய கோப்பில் 'ஆம்' என்றால் மைனஸ் ஒன்று,
புதிய சர்வரில் வெறும் ஒன்று.
இத்தனை வருஷமும் உண்மை
பூஜ்ஜியத்துக்குக் கீழே குடியிருந்திருக்கிறது.
முதல் ஒத்திகையில் அறிக்கை
மைனஸ் ஒன்றைத் தேடியது, ஒருவரையும் காணோம்.
பணம் கட்டியவர்கள் அத்தனை பேரும்
ஒரே சொடுக்கில் கடன்காரர்கள்.

தேதி போடாமல் மணி மட்டும் அடித்த வரிகளுக்கு
அது தானாக ஒரு நாளைக் கொடுத்திருக்கிறது:
1899 டிசம்பர் 30.
அன்று பிற்பகல் மூன்று நாற்பதுக்கு
ஒரு கண்டெய்னர் கப்பலில் நாங்கள்
அறுபது கோழியும் பிரிண்டர் மையும் ஏற்றியிருக்கிறோம்.
இப்படி நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்,
யாருடைய அவசரமோ.
அழித்துவிடு என்றார் முதலாளி.
தேதியை எடுத்தேன்.
மணியை விட்டுவைத்தேன்.

குறிப்புகளை இருதயநாதன் தமிழில் எழுதியிருந்தார்,
அந்தக் காலத்து எழுத்துருவில்.
சர்வர் கண்ணுக்கு அது
தலையில் தொப்பி வைத்த வெள்ளைக்கார எழுத்துகள்.
நாற்பது வரியில் ஒரு மாற்றி எழுதினேன்.
ஓடவிட்டேன். தெளிந்தது:

கேப்டன் மகளுக்குக் காய்ச்சல். பாக்கி கேட்காதே.

இந்தக் கப்பலுக்குக் கல் இல்லாத அரிசி.

பொய் சொல்கிறான். ஆனாலும் கொடு.

இதற்கு எத்தனை எழுத்து ஒதுக்குவது?
நான்காயிரம் போட்டேன்.
அவர் எங்கேயும் எண்பதைத் தாண்டவில்லை.

விடிகாலை நாலேகால்.
இந்தப் பக்கம் 318,406 வரிகள்,
அந்தப் பக்கம் 318,405.
ஒன்று எங்கே விழுந்தது?
கப்பல் கப்பலாக இறங்கித் தேடிவிட்டு
கடைசியில் 'சரி_2'ஐத் திறந்தேன்.
உள்ளே ஒரே வரி, ஒரே எண்:
அடுத்த இன்வாய்ஸின் எண்.
இரண்டு பேர் ஒரே எண்ணை எடுத்துவிடக் கூடாதென்று
ஒருவர் எடுத்து முடிக்கும்வரை
மற்றவரை வாசலில் நிறுத்திய வரி.
அதைத் தொட்டேன்.
மன்னிக்கணும் அண்ணே.

திங்கட்கிழமை மூவரும் ஒரே நேரத்தில் உள்ளே.
யாரும் கத்தவில்லை.
மின்விசிறிச் சத்தம் இவ்வளவு பெரியதென்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
பத்தரைக்கு முதலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்,
ஏதோ நின்றுபோய்விட்டதோ என்று.

தனபாக்கியம் மட்டும் பழக்கத்தில்
"வெளிய வந்துட்டேன்!" என்றாள்.
"ஓகே, தனம்" என்றாள் ரொஹாயாத்தி.
அவள் காலை எட்டு மணியிலிருந்தே
உள்ளேதான் இருந்தாள்.